மணல் வடியில் உயிர் இருக்கிறது

ஊர் திரும்பிய குடும்பம் முதலில் உறுதிசெய்து கொள்ள வேண்டியது குடிநீர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் புகுந்தபோது அம்பாறைக் கரையோரக் கிணறுகள் பல உப்பாலும் கழிவாலும் பழுதடைந்தன. இறைத்துத் துப்புரவு செய்த கிணற்றின் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் போன்ற நோய்களின் கிருமிகள் அதில் இருக்கலாம். அவற்றைக் குறைக்க வீட்டிலேயே வைத்துப் பாவிக்கக்கூடியது உயிர் மணல் வடி.

வடிக்குள் என்ன நடக்கிறது?

சீமெந்துப் பெட்டிக்குள் அடியில் சல்லிக்கல், அதன் மேல் கழுவிய மெல்லிய மணல். நீங்கள் தினமும் நீர் ஊற்றும்போது, மணலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் குடியேறி ஒரு படலமாக வளர்கின்றன. நோய்க்கிருமிகளில் ஒரு பகுதி மணலில் சிக்குகிறது. ஒரு பகுதியை இந்த நுண்ணங்கிகள் உண்கின்றன. ஆழத்துக்குச் செல்பவை உணவில்லாமல் இறக்கின்றன.

மணல் வடி புதிய விடயம் அல்ல. 1892 இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் கொலராவால் 8,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அருகிலிருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹம்பர்க்கின் கழிவு கலந்த பின் வரும் நீரையே எடுத்தது. ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. அங்கு நோய் பெரிதாகப் பரவவில்லை. அந்த முறையை வீட்டளவுக்குச் சுருக்கியவர், 1990களில் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ்.

ஏன் இடைவெளி விட வேண்டும்?

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வடியைச் சோதித்தபோது, நீர் மணலுக்குள் தங்கியிருக்கும் நேரத்தில் நுண்ணங்கிகளின் செயற்பாட்டால் வைரசுகள் குறைவதைக் கண்டனர். எனவே நீர் ஓடாமல் நிற்கும் நேரமும் வடி வேலை செய்யும் நேரமே. ஒரு முறை ஊற்றியபின் ஆகக் குறைந்தது ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஆனால் 48 மணித்தியாலங்களுக்கு மேல் நீர் ஊற்றாமல் விட வேண்டாம். படலத்துக்கு உணவும் ஒட்சிசனும் இல்லாமல் போகும். நோன்பு காலத்தில் ஸஹருக்குப் பின் ஒரு முறையும் அஸருக்குப் பின் ஒரு முறையும் ஊற்றினால் போதும். வெளியூர் செல்வதானால் அயல்வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• படலம் முழுமையாக வளர 30 நாள்கள் வரை ஆகலாம். அதுவரை வடித்த நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். அதன் பின்னரும் கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொதித்தாறிய நீரையே கொடுங்கள்.
• வடிக்குள் குளோரின் போட வேண்டாம், படலம் இறந்துவிடும். கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், அதன் மணம் நீங்கும் வரை அந்த நீரை வடியில் ஊற்ற வேண்டாம். குளோரின் தேவையானால், வடித்த நீர் சேரும் பாத்திரத்தில் இடுங்கள்.
• ஓட்டம் நின்றபின் மணலுக்கு மேல் சுமார் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்க வேண்டும். குறைந்தால் படலம் காயும். கூடினால் அதற்கு ஒட்சிசன் போதாது.
• துளைத்தட்டை எடுத்துவிட்டு ஊற்ற வேண்டாம். நீர் நேராக விழுந்தால் மணலில் குழி விழும்.
• கலங்கல் நீரை அடைய விட்டு, துணியில் வடித்த பின் ஊற்றுங்கள். இயன்றவரை ஒரே கிணற்று நீரையே பாவியுங்கள்.
• ஓட்டம் மிகவும் குறைந்தால், மணலின் மேற்பரப்பை மட்டும் கையால் மெதுவாகக் கலக்கி, அழுக்கு நீரைக் கோப்பையால் அள்ளி அகற்றுங்கள். மணலை வெளியே எடுத்துக் கழுவ வேண்டாம். துப்புரவு செய்தபின் படலம் மீள வளரும் வரை நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.
• வைத்த இடத்திலிருந்து வடியை நகர்த்த வேண்டாம்.
• வடித்த நீரை மூடியும் குழாயும் உள்ள சுத்தமான பாத்திரத்தில் சேருங்கள். கிணற்று நீர் அள்ளும் வாளியை அதற்குப் பாவிக்க வேண்டாம்.

இந்த வடியால் முடியாதது

உப்பை இது நீக்காது. வயல்களிலிருந்து வரும் கிருமிநாசினியையும் பசளையையும் நீக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். உங்கள் கிணறு உவர்ப்பாக இருந்தால் குடிக்க வேறு நல்ல நீரைப் பெறுங்கள். உவர்ப்பைப் போக்கலாம் என்று கிணற்றை மோட்டரால் மீண்டும் மீண்டும் இறைக்க வேண்டாம். கரையோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் மேலே வரும்.

வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால் வடியை மட்டும் நம்பியிருக்காமல் அன்றே எல்லோருக்கும் நீரைக் கொதிக்க வைக்கத் தொடங்குங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.