கணினியின் திறந்த அமைப்பும் தனியுரிமை அமைப்பும்

ஒரு பொறியின் அமைப்பை உலகறிய வெளியிடுதல் வேறு. அதனைப் பிறரும் ஆக்கிக்கொள்ள இசைதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வார் பலர். தனியாள் கணினியின் வரலாறு இவ்வேற்றுமையைத் தெளிவுற விளக்கும்.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. ஏறக்குறைய ஓராண்டினுள் அதனை ஆக்கி முடிக்கவேண்டியிருந்தமையால், உறுப்புக்களிற் பெரும்பாலானவற்றைப் பிறரிடமே வாங்கினர். செயலி இன்டெல் நிறுவனத்தினது; இயக்க முறைமை மைக்ரோசொப்ட் நிறுவனத்தினது. கணினியினுள்ளே செருகத்தக்க அட்டைகளைப் பிறரும் ஆக்கும்பொருட்டு, மின்சுற்றுப் படங்களையும், கணினியைத் தொடக்கி வைக்கும் 'பயொஸ்' என்னும் அடிப்படை நிரலையும் நூலாக அச்சிட்டு விற்றனர். ஆயின் அந்நிரலின் பதிப்புரிமையைக் கைவிட்டாரல்லர். எவரும் படிக்கலாம், படியெடுத்தல் ஆகாது.

இத்தடையைக் கொம்பாக் நிறுவனத்தார் கடந்த முறை வியக்கத்தக்கது. ஒரு குழுவினர் அந்நிரலை ஆராய்ந்து, அஃது யாது செய்கின்றது என்பதை மட்டும் எழுதிவைத்தனர். நிரலைக் கண்ணாலுங் காணாத வேறொரு குழுவினர், அவ்விவரத்தைக் கொண்டு புதிதாக நிரல் இயற்றினர். பதிப்புரிமை எழுதிய எழுத்துக்கேயன்றி, அது புரியுஞ் செயலுக்கு இல்லையன்றோ! 1983இல் அவர்தம் கணினி விற்பனைக்கு வந்தது. இம்முறையிலேயே பீனிக்ஸ் நிறுவனம் ஆக்கிய நிரல் 1984இல் விலைக்குக் கிடைக்கவே, சிறு நிறுவனங்களும் ஒத்தியங்கும் கணினிகளை ஆக்கின, விலையும் வீழ்ந்தது.

1987இல் ஐ.பி.எம். தனது பி.எஸ்./2 வரிசையில், அட்டைகளைப் பொருத்துதற்கு 'மைக்ரோ சனல்' என்னும் புதிய பாதையைப் புகுத்தியது. அதனைப் பிறர் ஆக்கவேண்டின் உரிமக் கட்டணம் செலுத்தல் வேண்டும். தொழினுட்பத்தில் அது பழையதினும் மேம்பட்டதே; அதனை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் மக்கள் முன்னர்ப் பொருள் கொடுத்து வாங்கிய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. 1988இல் கொம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுப் பாதையொன்றை அறிவித்தன. மைக்ரோ சனல் நிலைபெறாது போயிற்று.

இதனால் தனியுரிமை ஒழிந்ததென எண்ணலாகாது. பெட்டியை எவரும் ஆக்கலாமாயிற்று. ஆதாயமோ செயலியையும் இயக்க முறைமையையும் உடையவரிடம் பெரிதும் சென்றது. செயலி ஏற்று நடக்கும் கட்டளைத் தொகுதியே எஞ்சிய பூட்டு. 2010இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் தோன்றிய 'ரிஸ்க்-வி' என்னும் கட்டளைத் தொகுதி அதனையே திறக்க முயன்றது. அதனைப் பின்பற்றிச் செயலி ஆக்குவோர் எவர்க்கும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. ஆயினும், அங்ஙனம் ஆக்கிய செயலியின் உள்ளமைப்பை வெளியிடுதலும் மறைத்தலும் ஆக்கியோர் விருப்பத்தின் பாற்பட்டனவே.