பெர்லின் ரயிலில் வீல்சேர்... எங்கே நிற்க வேண்டும் தெரியுமா?

மகனோ மகளோ பெர்லினில் வேலை பார்க்கிறார்கள். 'ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க' என்று கூப்பிடுகிறார்கள். உங்களுக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் ஒருவர் வீல்சேரில் இருக்கிறாரே! பக்கவாதம், தண்டுவடத்தில் அடி, சின்ன வயதில் வந்த போலியோ... காரணம் எதுவாகவும் இருக்கட்டும். 'அங்கே அவரை யார் தூக்கி இறக்குறது? எங்கே போனாலும் டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகுமா?' என்ற கவலையிலேயே பயணம் தள்ளிப் போகிறது. அல்லது அவரை மட்டும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்புகிறார்கள். அவர் மனசு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். பெர்லினில் வீல்சேரில் இருப்பவர்கள் ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரயிலிலேயே போய் வருகிறார்கள். பலர் துணைக்கு ஆள் இல்லாமலே! நகரத்துக்குள் ஓடும் ரயிலுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கவும் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் எங்கே நிற்பது? எந்த லிஃப்ட் இன்றைக்கு வேலை செய்கிறது? இது தெரியாவிட்டால், வருகிற ரயிலை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அங்கே நகர ரயில் இரண்டு வகை. ஒன்று 'ஊ-பான்'. 1902ல் தொடங்கியது. பெரும்பாலும் பூமிக்கு அடியில் ஓடுகிறது. பி.வி.ஜி. என்ற நகரப் போக்குவரத்துக் கழகம் நடத்துகிறது. இன்னொன்று 'எஸ்-பான்'. இது பெரும்பாலும் தரைக்கு மேலே ஓடி, புறநகர் வரை போகிறது. ஜெர்மன் ரயில்வேயின் துணை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றேதான்.

முன்பக்கம்... எப்போதும் முன்பக்கம்!

பிளாட்பாரத்துக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். உயரத்திலும் சிறிது வித்தியாசம் இருக்கும். எஸ்-பான் பிளாட்பாரத்தின் உயரம் பொதுவாக 96 சென்டிமீட்டர். பெட்டியின் தரை அதைவிடச் சற்று மேலே. பிளாட்பாரம் வளைவாக இருந்தால் இடைவெளி இன்னும் அகலமாகும். நடக்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. வீல்சேரின் முன்சக்கரம் சின்னது இல்லையா? அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டால் நாற்காலி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் விழுவார்!

இதற்குத்தான் சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் போடுகிறவர் ரயில் டிரைவர். அவர் இருப்பது முதல் பெட்டியில். ஆகவே ரயில் போகிற திசையில் பிளாட்பாரத்தின் முன்கோடிக்குப் போய், டிரைவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். ரயில் நின்றதும் அவரே இறங்கி வந்து முதல் கதவில் பலகையைப் போடுவார். ஊ-பான், எஸ்-பான் இரண்டிலும் இதே முறைதான். நடுவில் நின்றுகொண்டு கையை ஆட்டிப் பிரயோஜனம் இல்லை. சில நொடிகளில் கதவு மூடிவிடும்.

ஏறும்போதே 'எங்கே இறங்கணும்?' என்று டிரைவர் கேட்பார். ஜெர்மன் ஊர்ப் பெயர்களை உச்சரிப்பது நமக்குக் கொஞ்சம் கஷ்டம்! இறங்கும் ஸ்டேஷன் பெயரை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து நீட்டிவிடுங்கள். 'ரம்பெ, பிட்டெ' என்றால் 'பலகை போடுங்கள், ப்ளீஸ்' என்று அர்த்தம். இந்த இரண்டு வார்த்தை போதும். உங்கள் ஸ்டேஷன் வந்ததும் அவரே மறுபடி வந்து பலகை போடுவார். எப்போதாவது மறந்துபோகலாம். வழியில் டிரைவர் மாறியும் இருக்கலாம். அதனால் இறங்க ஒரு ஸ்டேஷன் இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். அவர் கதவில் நின்றுகொண்டு டிரைவரைக் கூப்பிடுவார்.

பெட்டிக்குள் முதல் கதவுக்குப் பக்கத்திலேயே வீல்சேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போனதும் இரண்டு பிரேக்கையும் போட்டுவிடுங்கள். துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பலகை சரிவாக இருந்தால், இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று தாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கமாக இறக்கினால் கால் பலம் இல்லாதவர் சறுக்கி முன்னால் வந்துவிடுவார்.

ஐரோப்பிய ரயில் விதிகள் சாதாரண வீல்சேர் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது 70 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம், ஆளோடு சேர்த்து 300 கிலோ எடை. நம் வீட்டு நாற்காலிகள் அநேகமாக இதற்குள் அடங்கிவிடும். கால் நீட்டி வைக்கும் பெரிய எலெக்ட்ரிக் வீல்சேர் என்றால் டேப் வைத்து அளந்துகொண்டு கிளம்புங்கள்.

லிஃப்ட் ஓடுகிறதா?

பலகையைவிடப் பெரிய தலைவலி லிஃப்ட்தான். ஊ-பானில் 175 ஸ்டேஷன்கள். பெரும்பாலானவற்றில் லிஃப்ட் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் அல்ல. 1994ல் ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே, உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். 2013ல் வந்த சட்டத் திருத்தம், உள்ளூர்ப் போக்குவரத்து முழுவதும் 2022 ஜனவரி 1க்குள் தடையில்லாததாக ஆக வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு முடிந்தது, வேலை முடியவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய சுரங்க ஸ்டேஷனில் லிஃப்டுக்குக் குழி தோண்டுவது லேசான காரியமில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சமாதானம் எதற்கு உதவும்?

இருக்கிற லிஃப்டும் பழுதாகும். சில ஸ்டேஷன்களில் தெருவிலிருந்து நடுத்தளத்துக்கு ஒன்று, அங்கிருந்து பிளாட்பாரத்துக்கு இன்னொன்று என இரண்டு லிஃப்ட் மாற வேண்டும். ஒன்று நின்றாலும் பயணம் நின்றது! அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பி.வி.ஜி.யும் எஸ்-பானும் லிஃப்ட் நிலவரத்தைத் தங்கள் இணையதளத்தில் தெரிவிக்கின்றன. லிஃப்டுக்கு ஜெர்மனில் 'அவுஃப்ட்ஸூக்'. 'அவுசர் பெட்ரீப்' என்று பலகை தொங்கினால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ராவுல் கிரௌத்ஹவுசன் என்பவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எலும்பு எளிதில் உடையும் பிறவிக் குறைபாடு உள்ளவர். வீல்சேரிலேயே பெர்லினைச் சுற்றுபவர். இவரும் நண்பர்களும் நடத்தும் 'சோஷியல் ஹெல்டன்' என்ற அமைப்புதான் 2010ல் 'வீல்மேப்' என்ற வரைபடத்தைக் கொண்டுவந்தது. எந்த ஓட்டல், எந்தக் கடை, எந்த ஸ்டேஷனுக்குள் வீல்சேர் போகும் என்று சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டும். செல்போனில் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, இறங்க வேண்டிய இடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? போகும் ரயிலுக்கு ஒரு பக்கமும் வரும் ரயிலுக்கு எதிர்ப்பக்கமும் தனித்தனிப் பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷன் என்றால் ஒரு வழி உண்டு. ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய், எதிர்த்திசை ரயிலில் திரும்பி வாருங்கள். அந்தப் பக்கத்து லிஃப்ட் வேலை செய்யும்! அடுத்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாற லிஃப்ட் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரே பிளாட்பாரம் என்றால் இந்த யுக்தி பலிக்காது. அப்போது லிஃப்ட் உள்ள அடுத்த ஸ்டேஷனில் மேலே வந்து பஸ் பிடிக்க வேண்டியதுதான். நகர பஸ்கள் எல்லாம் தாழ்தளம். நடுக்கதவில் மடிப்புப் பலகை இருக்கும். வீல்சேர் படம் போட்ட நீல பட்டனை அழுத்தினால் டிரைவர் வந்து திறந்துவிடுவார்.

தண்ணீர் குடிக்காமல் கிளம்பாதீர்கள்

பயணம் என்றாலே வீல்சேரில் இருப்பவர்கள் பலர் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். 'வழியில பாத்ரூம் வந்தா என்ன பண்றது?' என்ற பயம். இது ரொம்பத் தப்பு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும். அதிலும் கதீட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சீக்கிரமே வரும். ஊ-பான் ஸ்டேஷன்களில் கழிப்பறையை நம்ப முடியாது. மத்திய ஸ்டேஷன் மாதிரி பெரிய இடங்களில் வீல்சேர் போகும் கழிப்பறை உண்டு. ஆனால் ஊரில் இப்படிப்பட்ட பல கழிப்பறைகள் பூட்டியே இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே சாவி! அதற்கு 'யூரோ சாவி' என்று பெயர். டார்ம்ஸ்டாட் நகரத்தின் சி.பி.எஃப். என்ற மாற்றுத் திறனாளிகள் சங்கம் 1986ல் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 12,000க்கும் மேற்பட்ட கழிப்பறைகளை இது திறக்கும். உடல் குறைபாட்டுக்கான சான்று காட்டினால் விலைக்குத் தருகிறார்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே எழுதி விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, படுக்கைப் புண் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் வரும். ஊர் சுற்றும் உற்சாகத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடுவோம். கால் மணிக்கும் அரை மணிக்கும் இடையில் ஒரு தடவையாவது கைப்பிடியை ஊன்றி எழும்புங்கள். முடியாதவர்கள் பக்கவாட்டில் சாய்ந்து பாரத்தை மாற்றுங்கள். குளிர்காலத்தில் காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு விறைத்துப்போவதும் தெரியாது, வீட்டுக்கு வந்து சூடேற்றும் கருவிக்குப் பக்கத்தில் கால் பட்டுச் சுடுவதும் தெரியாது. இரவில் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். போர்வை போர்த்தினால் சக்கரத்தில் சிக்காமல் செருகிவிடுங்கள். தெருக்களில் கருங்கல் பாவிய இடங்கள் நிறைய. டிராம் தண்டவாளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது நேர்க்கோணமாகவே கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. அங்கே வசிக்கும் தகுதியுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு அடையாள அட்டையின் மேல் பயணச் சலுகை உண்டு. நம் ஊர் அட்டை செல்லாது. சுற்றுலா வருபவர் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும், துணைக்கு வருபவரும்தான். வீல்சேருக்குக் கட்டணம் இல்லை. ஸ்டேஷனில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, நேரே உள்ளே போகலாம். அதற்காக டிக்கெட் இல்லாமல் போய்விடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் 60 யூரோ! இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டில் முத்திரை குத்தாவிட்டாலும் அதே கதிதான். விமான நிலையம் 'சி' மண்டலத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வர ஏ, பி, சி மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் வேண்டும். எஸ்-9 ரயில் விமான நிலையத்தின் அடியிலிருந்து கிளம்பி மத்திய ஸ்டேஷன் வழியாகப் போகும். வெளியூர் போகும் ஐ.சி.இ. ரயில் கதை வேறு. அதற்கு வீல்சேர் இடமும், ஏற்றி இறக்கும் உதவியும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உதவியை முதல் நாள் இரவு 8 மணிக்குள்ளாவது சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் ஒத்திகைக்கு ஊ-5 பாதை நல்லது. மத்திய ஸ்டேஷனில் லிஃப்டில் கீழே இறங்கி ஏறினால், நாலாவது ஸ்டேஷன் 'மியூசியம்ஸின்சல்'. 2021ல் திறந்தது. எல்லாம் புதுசு, லிஃப்ட் உண்டு. மேலே வந்தால் அருங்காட்சியகங்கள் பக்கத்திலேயே. காலை ஆபீஸ் கூட்டம் வடிந்த பிறகு, 10 மணிக்கு மேல் கிளம்புங்கள்.