அணுகுண்டு விட்டுச்சென்ற கடிகாரம்

வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் திரியும் கிரீன்லாந்து சுறாவின் வயதைக் கண்டுபிடிக்க வழி தெரியாமல் விலங்கியலாளர்கள் நெடுங்காலம் விழித்தார்கள். எலும்புள்ள மீன்களுக்குக் காதுக்குள் ஒரு சிறு கல் உண்டு. அதில் ஆண்டுதோறும் விழும் வளையங்களை எண்ணிவிடலாம். இந்தச் சுறாவுக்கு அந்தக் கல் கிடையாது. முதுகெலும்போ வளையம் பதியாத அளவுக்கு மென்மை. 2016இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் நீல்சன் குழு அதன் கண்ணுக்குப் போனது. கண் வில்லையின் நடுப்பகுதி தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும். பிறகு சாகும்வரை அது மாறுவதில்லை. அந்தத் துளியில் இருந்த கார்பனை அளந்து, ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் சுறாவுக்குச் சுமார் 392 வயது, 120 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார்கள். குறைத்தே வைத்தாலும் 272.

வெனிஸில் வேறொரு சிக்கல். பெகி குகன்ஹெய்ம் சேகரிப்பில் ஃபெர்னான் லெஜே 1913-14 வாக்கில் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியம் ஒன்று இருந்தது. போலியோ என்ற சந்தேகத்தால் அதைக் காட்சிக்கு வைக்கவே இல்லை. 2014இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அதன் துணியில் ஓர் இழையை எடுத்து அளந்தார்கள். அந்தப் பருத்தி 1959க்குப் பிறகு விளைந்தது. லெஜே 1955லேயே இறந்துவிட்டார். வழக்கு முடிந்தது.

சுறாவுக்கும் ஓவியத்துக்கும் தேதி சொன்னது ஒரே பொருள்: கார்பன்-14. கீழடியில் எடுத்த மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்று கணித்தார்களே, அதுவும் இதை வைத்துத்தான். விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் நைட்ரஜனோடு மோதும்போது, வழக்கமான கார்பனைவிடக் கொஞ்சம் கனமான, நிலையற்ற இந்த அணுக்கள் உண்டாகின்றன. அவை கரியமில வாயுவாகி, இலை வழியே செடிக்குள் புகுந்து, அங்கிருந்து ஆடு, மாடு, நம் சாப்பாட்டுத் தட்டு என்று வந்து சேர்கின்றன. உயிர் போனதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது மெல்லச் சிதையும். 5,730 ஆண்டுகளில் பாதி காலி. மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும் என்று 1949இல் செய்துகாட்டிய வில்லார்டு லிப்பி, அதற்காக 1960இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

உயிரோடு இருக்கும்போதே இது எவ்வளவு என்று கேட்டால் தலை சுற்றும். லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று. சன்ன ரக அரிசியில் லட்சம் கோடி மணி என்றால் ஏறக்குறைய 15,000 டன். பத்து டன் லாரிகள் 1,500 வேண்டும். அத்தனை லாரியிலும் சேர்த்து ஒரே ஒரு கருப்புக்கவுனி மணி. லிப்பி காலத்தில் அணு தானாகச் சிதையும்வரை காத்திருந்துதான் எண்ணினார்கள். அதற்குக் கிராம் கணக்கில் மாதிரி வேண்டும். 1970களின் இறுதியில் வந்த முடுக்கி நிறைமானி, அணுக்களை வேகமாகச் செலுத்திக் காந்தத்தால் எடைவாரியாகப் பிரித்து நேரடியாக எண்ணுகிறது. மில்லிகிராம் போதும். ஒரு முட்டுக்கட்டை மட்டும் இருந்தது: எங்கும் நிறைந்திருக்கும் நைட்ரஜனுக்கும் கார்பன்-14க்கும் கிட்டத்தட்ட ஒரே எடை. இங்கேதான் ஒரு அழகான தந்திரம். அணுக்களுக்கு எதிர்மின் ஏற்றம் கொடுத்து அனுப்பினால் கார்பன் அதை ஏற்றுக்கொள்ளும். நைட்ரஜனால் அதைப் பிடித்துவைத்திருக்க முடியாது. வாசலிலேயே அது கழன்றுவிடுகிறது.

அமைதியாக ஓடிய இந்தக் கடிகாரத்தில் 1950களில் மனிதன் கை வைத்தான். திறந்தவெளியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளிலிருந்து சிதறிய நியூட்ரான்கள், விண்வெளிக் கதிர்கள் செய்யும் அதே வேலையைச் செய்தன. 1957இல் நியூசிலாந்தின் ராஃப்டரும் ஃபெர்குசனும் காற்றில் கார்பன்-14 ஏறுவதை எடுத்துச் சொன்னார்கள். 1963 வாக்கில் வடக்கு அரைக்கோளத்தில் அது ஏறக்குறைய இருமடங்கு. அந்த ஆண்டே அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் திறந்தவெளிச் சோதனைகளைக் கைவிட ஒப்பந்தம் போட்டன. பிறகு கடலும் காடும் அதை உறிஞ்ச உறிஞ்ச, அளவு கிடுகிடுவென இறங்கியது. தொல்லியலாளருக்கு இது தலைவலி. அவர்கள் கணக்கில் 'இன்று' என்றால் இப்போதும் 1950தான்.

மற்றத் துறைகளுக்கோ புதையல். நூற்றாண்டுக் கணக்கில் பேசிய கடிகாரம் ஆண்டுக் கணக்கில் பேச ஆரம்பித்தது. பல் எனாமல் சிறுவயதில் உருவாகி அப்படியே இருந்துவிடுவதால், அடையாளம் தெரியாத உடலின் பிறந்த ஆண்டை அதிலிருந்து ஒன்றிரண்டு ஆண்டு வித்தியாசத்தில் சொல்லலாம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு இருமுறை வருமே? வெவ்வேறு வயதில் உருவான இரண்டு பற்களை அளக்கிறார்கள். பிந்திய பல்லில் அளவு கூடினால் ஏற்றம், குறைந்தால் இறக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்வீடன் கதை. வளர்ந்த மனிதரின் மூளையில் புதிய நியூரான்கள் பிறக்கின்றனவா என்று கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனுக்குக் கேள்வி. எலி என்றால், பிரியும் செல்களில் தங்கும் ரசாயனத்தை ஊசியில் ஏற்றிப் பார்க்கலாம். மனிதருக்கு அதைச் செய்யக் கூடாது. ஆனால் உலகத்தில் எல்லோருக்கும் அந்த அடையாளத்தை வல்லரசுகள் ஏற்கெனவே சோற்றோடு ஊட்டிவிட்டிருந்தன. செல் பிறக்கும்போது உருவாகும் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டின் கார்பன் தங்கிவிடும். அவர் குழுவினர் இறந்தவர்களின் மூளைத் திசுவைக் கரைத்து, நியூரான்களின் உட்கருவுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, லட்சக்கணக்கில் பிரித்தெடுத்து, டி.என்.ஏ.வை எரித்து, கிடைத்த வாயுவைக் கிராஃபைட்டாக்கி எண்ணினார்கள். பெருமூளைப் புறணியின் நியூரான்களுக்கு அந்த மனிதரின் வயதேதான். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலோ, பக்கத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 புதியவை என்று 2013இல் எழுதினார்கள். விவாதம் ஓய்ந்துவிடவில்லை, 2018இல் கலிஃபோர்னியா குழு ஒன்று வேறு முறையில் தேடி, பெரியவர்களிடம் எதுவும் அகப்படவில்லை என்றது.

இதே கணக்கின்படி, இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் மட்டுமே புதுப்பிக்கப்படுகின்றன. கொழுப்புச் செல்கள் பத்து சதவீதம். குதிகால் நாணின் மையம் பதினேழு வயதுவாக்கில் உருவானதோடு சரி. மரியானா அகழியின் அடியில் வாழும் இறால் போன்ற உயிர்களின் தசையிலும் குண்டுக் கார்பன் இருப்பதை 2019இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். மேலிருந்து விழும் இரை எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்கிறது என்று கடலியலாளருக்கு அதில் சேதி. பிடிபட்ட யானைத் தந்தங்கள் பழைய கையிருப்பு என்ற சாக்கையும் இது உடைத்தது. 2016இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான யானைகள் பிடிபடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்டவை என்று காட்டியது.

பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பெட்ரோலில் கார்பன்-14 துளியும் கிடையாது. வெனிலா எசன்ஸ் கொடியில் காய்த்ததா, பெட்ரோலியத்தில் செய்ததா என்று இதை வைத்துப் பிரிக்கிறார்கள். அதே காரணத்தால் கடிகாரமும் கெடுகிறது. எரிபொருள் புகை காற்றிலுள்ள கார்பன்-14ஐ நீர்த்துப்போகச் செய்வதால், 2020களின் தொடக்கத்திலேயே அதன் விகிதம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிட்டது. புகை இப்படியே தொடர்ந்தால் 2050இல் நெய்யும் புதுப் பருத்திச் சட்டையும் ஆயிரம் ஆண்டுப் பழைய துணியும் ஒரே தேதியைக் காட்டும் என்று 2015இல் ஆய்வாளர் ஹெதர் கிரேவன் கணக்கிட்டார். இப்போது பிறக்கும் குழந்தையின் எனாமலையும் பெட்ரோல் காலத்துக்கு முன் வாழ்ந்தவரின் எனாமலையும் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பிரிப்பது தடயவியலாளருக்கு இனிச் சிரமம்.