எடைக்குப் போடும் முன் பரணைப் பாருங்கள்!

‘வீட்டில் தாத்தா காலத்துப் பித்தளை அண்டா, மரக்கால், கல்சட்டி எல்லாம் பரணில் கிடக்கின்றன. வைத்துக்கொள்வதா, விற்பதா? பயன்படுத்தினால் உடம்புக்கு ஆகுமா?’ நெற்பழத்துக்கும் கடலைத் துருவுக்கும் மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படியும் கேள்விகள் வருகின்றன. வயல் ஆய்வுக்குப் போகும் ஊர்களிலும், பேச்சு முடிந்து மோர் குடிக்கும்போது வீட்டுப் பெண்கள் கேட்பது இதைத்தான். பயிர் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஒதுக்க முடியவில்லை. கடனுக்கு வட்டி கட்ட முடியாத மாதத்தில், ஒரு விவசாயி வீட்டிலிருந்து முதலில் வெளியே போவது இந்தப் பாத்திரங்கள்தான். அதுவும் பாதி விலைக்கு.

தெருவில் வருகிற வியாபாரி பழைய பித்தளைக்கு எவர்சில்வர் குடமோ பிளாஸ்டிக் வாளியோ தருவார். இல்லையென்றால் கிலோ கணக்கில் பணம். அவர் பார்ப்பது உலோகத்தின் எடையை மட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே அண்டா அங்கே எடைக்கு விற்கப்படுவதில்லை, பொருளுக்கு விலை. மரத்தூண், பத்தாயம், அஞ்சறைப்பெட்டி, நுகத்தடி வரை எல்லாமே அப்படித்தான். விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், உங்கள் தராசில் நீங்களே முதலில் எடை போடுங்கள். படம் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு விற்காதீர்கள். பழம்பொருள் வாங்குகிறவர் தேடுவது அந்தப் பழைய நிறத்தைத்தான். கழுத்தில் பெயர் வெட்டிய பாத்திரம் என்றால் இன்னும் ஒரு முறை யோசியுங்கள். நம் ஊரில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது பெயரும் ஊரும் வெட்டித் தருவார்கள். சில வீடுகளில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுதிய ஒரே சான்று அந்தச் செம்புதான்.

படியும் மரக்காலும்

எனக்குப் பிடித்த பழம்பொருள் படிதான். இன்றைக்கும் அதனால் வேலை நடக்கும். எடை, அளவுகளைத் தசம முறைக்கு மாற்றும் சட்டம் 1956இல் வந்தது. கடையிலிருந்து படி போனது, வீட்டிலிருந்து போகவில்லை. கணக்கு எளிது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. மரக்கால் பல ஊர்களில் நாலு படி, சில ஊர்களில் வேறு. சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் ‘ஏக்கருக்கு இத்தனை மரக்கால் விதை’ என்று பெரியவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்தில் விதைத்தால் தவறிப் போகிறது.

உங்கள் வீட்டுப் படி எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். வெறும் படியை எடை பாருங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பரவலாக இருந்த எட்டு ஆழாக்குப் படி சுமார் 1,344 மில்லி வரும். உங்களுடையது ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அது பெரியபடி வகை. காய்ந்த நெல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 550 முதல் 600 கிராம் இருக்கும். அப்படியானால் நாலு படி கொண்ட மரக்காலில் தலைதட்டி அளந்த நெல் மூன்று கிலோ. கூம்பாகக் குவித்து அளந்தால் அதற்கு மேல். இந்த எண்ணை மரக்காலின் அடியில் பெயிண்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாற்றங்காலுக்கு விதை எடுக்கும்போது தராசு தேட வேண்டாம். ஆனால் வெளியே விற்பதற்கு இந்தப் படியில் அளக்கக் கூடாது. முத்திரை இல்லாத அளவையில் வியாபாரம் செய்வது குற்றம்.

குதிருக்குள் என்ன இருந்தது?

நெற்குதிர், குலுக்கை, பத்தாயம், தொம்பை… பெயர் எதுவானாலும் தானியம் வைக்க நல்ல பொருள்கள். பாரம்பரிய நெல் விதையைச் சிறிய அளவில் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது மறுபடியும் குதிரைத் தேடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வேளாண்மைத் துறைக்காரனாக ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். 1960களிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் பி.எச்.சி. 10 சதவீதத் தூள் இல்லாத கிராம வீடு குறைவு. வண்டுக்கும் கறையானுக்கும் அதைத்தான் தூவினார்கள். டி.டி.டி.யும் அப்படித்தான். பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. இவை சீக்கிரம் சிதைகிற மருந்துகள் அல்ல. மண்சுவரிலும் மரத்தின் வெடிப்பிலும் பல காலம் தங்கும்.

எனவே பழைய பத்தாயத்தைத் திறந்ததும் மூலையில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தூள் படிந்திருந்தால், பழைய மருந்து வாடை அடித்தால், அதில் சாப்பாட்டு அரிசி வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கூட்டினால் தூள் கிளம்பும். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. அதற்குப் பிறகும் விதை வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். மருந்து பட்டதில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால், நன்றாக வெயிலில் காயவிட்டுப் பயன்படுத்தலாம். நெல் 14 சதவீத ஈரத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். பயறு வகைகள் அதைவிடக் காய வேண்டும். வேப்பிலை, நொச்சி இலை போடுவது நல்ல பழக்கம். காயாத தானியத்தை அதனால் காப்பாற்ற முடியாது.

பித்தளைக் கைத்தெளிப்பானுக்கும் இதே பேச்சுதான். பளபளவென்று தேய்த்துத் திண்ணையில் அலங்காரமாக வையுங்கள், அழகாக இருக்கும். அதில் வீட்டுச் செடிக்கோ கன்றுக்குட்டிக்கோ தண்ணீர் பிடிக்காதீர்கள். ஒருகாலத்தில் மருந்து கலக்கிய அண்டாவும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

பித்தளை, வெண்கலம், ஈயம்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். பொங்கல் வைக்கிற வெண்கலப் பானையில் பூச்சு இல்லாமலே சமைக்கலாம். சமைத்ததை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பித்தளையில் புளி, மோர், தக்காளி பட்டால் களிம்பு ஏறும். அது வயிற்றுக்கு ஆகாது. அதனால்தான் உள்பக்கம் ஈயம் பூசினார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்துண்டைத் தேய்த்துப் பஞ்சால் பரப்புவார் பூசுகிறவர். அவர் தெருவில் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘இது சுத்த வெள்ளீயமா, பற்றவைக்கிற ஈயமா?’ பற்றவைக்கிற ஈயத்தில் காரீயம் கலந்திருக்கும். காரீயம் விஷம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதில் இடமே கிடையாது.

ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பும் இதனால்தான் சோதிக்க வேண்டியது. நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளைக் காகிதத்தில் அடிப்பகுதியைத் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறம் விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எடையிலும் தெரியும். வெள்ளீயச் சொம்பு அரைக்கிலோ இருந்தால், அதைத் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தும்போது வழிகிற தண்ணீர் 68 மில்லி அளவு இருக்கும். முழுக் காரீயமானால் 44 மில்லிதான். சொம்புக்குள் காற்று நிற்காமல் சாய்த்து அமிழ்த்துங்கள். கொஞ்சமாகக் கலந்த காரீயம் இந்தச் சோதனைகளில் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டாம். நல்ல சொம்பானாலும் வெறுமையாகச் சூடேற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

கல்சட்டிக்கு இப்படி எந்தப் பயமும் இல்லை. மாக்கல்லில் குடைந்தது. பல வருடம் சும்மா கிடந்ததை நேரே அடுப்பில் வைத்தால் வெடிக்கும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஒரு நாள் விட்டு, பிறகு சில நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊற்றிப் பழக்குங்கள். அப்புறம் சிறுதீயில் தொடங்கலாம். இறக்கிய பிறகும் குழம்பு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழப்பாகிப் போயிருந்தால் கொத்துகிறவரைத் தேடிப் பிடியுங்கள். கொத்திய பிறகு முதலில் தவிட்டைப் போட்டு அரைத்துக் கழுவினால் கல்பொடி போய்விடும். பீங்கான் ஜாடி உள்ளே பூச்சு விட்டிருந்தால் ஊறுகாய்க்கு வேண்டாம்.

இருடியம் என்று எவராவது வந்தால்

இது ஒன்றுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். பழைய செம்புப் பாத்திரமோ கோபுரக் கலசமோ இடி விழுந்து இருடியமாகிவிட்டது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஒரு கும்பல் ஊர் ஊராகத் திரிகிறது. ‘ரைஸ் புல்லிங்’ என்பார்கள். சோதனைக்கு என்று முன்பணம், விஞ்ஞானி வருவதற்குச் செலவு, அனுமதிக் கட்டணம் என்று கறப்பார்கள். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. செம்பில் இடி விழுந்தால் செம்பாகத்தான் இருக்கும், உருகினாலும் செம்புதான். இருடியம் வேறு தனிமம். பிளாட்டினத் தாதுவோடு கிடைப்பது. அது அரிசியை இழுக்காது. பாத்திரத்துக்குள் காந்தம், அரிசியில் இரும்புத்தூள், வித்தை முடிந்தது. நம்பிக்கை வராதவர்கள் உங்கள் வீட்டு அரிசியை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அசையாது. இப்படிப் பேசி வருகிறவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

உழும்போது கிடைத்தால்?

வீட்டில் வழிவழியாக வந்த பாத்திரத்துக்கும், மண்ணில் கிடைத்த பொருளுக்கும் சட்டம் வேறு வேறு. உழும்போதோ கிணறு தோண்டும்போதோ சிலை, காசு, நகை கிடைத்தால் அது புதையல். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ முதலில் சொல்வார்கள். தெரிவித்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. மறைத்தால் அது போய்விடும்; தண்டனையும் உண்டு. கிடைத்ததைத் தேய்க்கவோ அமிலத்தில் கழுவவோ வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.

வீட்டுப் பொருளிலும் நூறு ஆண்டு தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும். ஓலைச்சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். மாட்டு வைத்தியம், சோதிடம், கோயில் கணக்கு என்று எத்தனையோ கட்டுகள் இன்னும் கிராமத்து வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், ஒட்டிய ஏடுகளைப் பிய்க்காதீர்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் சுவடிகளைப் பாதுகாக்கிற இடங்கள்.

நுகத்தடி, கலப்பை, பரம்பு, இறைகூடை போன்ற மரச்சாமான்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். பொடி உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, ஓட்டைகளில் வேப்பெண்ணெய் விட்டு, மேலே முழுதும் துணியால் தடவுங்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கல் சமயத்தில் ஒரு தடவை செய்தால் போதும். தரையில் நேரே சாய்க்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். கறையான் ஏறினால் உடனே கண்ணில் படும். இரும்புக் கொழுவில் துரு இருந்தால் தேங்காய் நாரும் மணலும் கொண்டு தேய்த்து, காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். வார்னிஷ் வேண்டாம் என்பது என் கருத்து. கையால் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த மேழியின் மினுமினுப்பை எந்த வார்னிஷும் தராது.