தகட்டின் அதிர்வும் வண்டியின் இரைச்சலும்

இராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் ஊடே, சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. பதனிட்ட தோலையும் காலணிகளையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் லாரிகளும், சுற்றுக் கிராமங்களிலிருந்து காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேன்களும், குடும்பங்களின் சொந்தக் கார்களும் இரவு பகலாக ஓடும் இச்சாலையில், வண்டிக்குள் அமர்ந்திருப்போர் கேட்கும் இரைச்சலைக் குறைப்பதற்கென்று 'டேம்பிங் ஷீட்' எனப்படும் விரிப்புகள் கார் அலங்காரக் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒரே விரிப்பு எல்லா ஓசையையும் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையில் கதவு முதல் கூரை வரை இதை ஒட்டிக்கொள்வோர் பலர். அந்த நம்பிக்கை பிழையானது; வண்டிக்குள் இரைச்சல் பல வழிகளில் நுழைகிறது, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிப் பொருள் வேண்டும், இடம் மாறி ஒட்டிய பொருள் வண்டியின் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ஓசை வண்டிக்குள் வரும் பாதைகள் இரண்டு. எஞ்சின், அச்சு, சக்கரம் ஆகியவற்றின் அதிர்வு உலோகச் சட்டகத்தின் வழியாகவே பரவித் தரையையும் கதவையும் கூரையையும் நடுங்கச் செய்து, அந்தத் தகடுகளையே ஒலிபெருக்கிகளாக மாற்றுவது முதல் பாதை. இதைத் தகட்டு வழி ஓசை எனலாம். வெளியே காற்றில் எழும் ஓசை கண்ணாடி, கதவு இடுக்கு, மெல்லிய தகடு ஆகியவற்றைக் கடந்து உள்ளே நுழைவது இரண்டாம் பாதை. இது காற்று வழி ஓசை. இவற்றின் பங்கு வேகத்தைப் பொறுத்து மாறும். ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது எஞ்சின் ஓசையே மேலோங்கி நிற்கும். மணிக்கு 40, 50 கிலோமீட்டரைக் கடந்தபின் டயரும் சாலையும் உரசும் ஓசை முந்திக்கொள்ளும். 100ஐ நெருங்கும்போது கண்ணாடி விளிம்பிலும் கூரைத் தூணிலும் மோதும் காற்றின் சீறல் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஆம்பூர்க் கடைத்தெருவில் மட்டும் ஓடும் காருக்கும் வாரந்தோறும் பெங்களூரு சென்று திரும்பும் காருக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

இரைச்சலை அளக்கும் டெசிபல் என்ற அலகின் இயல்பை அறியாமல் இவ்வேலையில் இறங்குவோர் ஏமாற்றம் அடைவது உண்டு. இந்த அளவுகோல் சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கு உட்படாதது. ஒலியின் ஆற்றல் பாதியாகக் குறைந்தால் அளவு 3 டெசிபல் மட்டுமே இறங்கும். காதுக்கு ஓசை பாதியானதுபோல் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். ஒரே அளவு ஒலியெழுப்பும் எஞ்சினும் டயரும் உள்ள ஒரு வண்டியில், எஞ்சின் ஓசையை அறவே நீக்கிவிட்டாலும் 3 டெசிபல்தான் குறையும் என்பதால், உள்ளே இருப்பவர் வேறுபாட்டை உணர்வதே அரிது. தேய்ந்து இறுகிப்போன டயரையும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் பிளவையும் அப்படியே விட்டுவிட்டுத் தரைக்கு விலையுயர்ந்த விரிப்பு ஒட்டுவது வீண்செலவாவது இதனால்தான்.

'டேம்பிங்' எனப்படும் அதிர்வு தணிப்பு தகட்டு வழி ஓசைக்குரிய சிகிச்சை. தட்டிய வெண்கலத் தட்டின் விளிம்பில் விரலை வைத்ததும் அதன் ரீங்காரம் அடங்குவதைப் போல, அதிரும் தகட்டோடு ஒட்டிக்கொண்ட மென்பொருள் அந்த அதிர்வின் ஆற்றலைத் தன்னுள் வாங்கி மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஓபெர்ஸ்ட் 1952இல் தகட்டின் மீது ஒற்றைப் படலமாகப் பூசப்படும் பொருளின் தணிப்பாற்றலைக் கணக்கிட்டுக் காட்டினார். அமெரிக்காவில் எட்வர்ட் கெர்வின் 1959இல் வெளியிட்ட கட்டுரை, அந்த மென்படலத்தின் மேல் இன்னொரு விறைப்பான மென்தகட்டை ஒட்டினால் நடுவிலுள்ள பொருள் இரண்டுக்கும் இடையே சிக்கி உரசலுக்கு உள்ளாகி மேலும் அதிக ஆற்றலை வெப்பமாக்கும் என்பதை விளக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளி நிற விரிப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது: அடியில் பியூட்டைல் ரப்பர் எனும் பிசுபிசுப்பான செயற்கை ரப்பர், மேலே அலுமினியத் தாள், இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் தடிமன். பளபளப்புக்காக ஒட்டிய தாள் என்று பலர் கருதும் அந்த அலுமினியமே வேலையின் பாதியைச் செய்கிறது என்பதையும், தாள் மெலிந்த மலிவு விரிப்பு அதற்கேற்பக் குறைவாகவே பயன்படும் என்பதையும் வாங்குவோர் நினைவில் கொள்வது நல்லது.

விலை குறைந்த மாற்றாக விற்கப்படுவது தார் கலந்த விரிப்பு. குளிர்நாடுகளில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இப்பொருளை, கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரில் கதவின் செங்குத்துத் தகட்டிலோ கூரையின் அடிப்புறத்திலோ ஒட்டுவது அறிவுடைமை ஆகாது. நிழலற்ற இடத்தில் நிறுத்திய அடர்நிறக் காரின் கூரைத் தகடு 70 டிகிரியையும் கடக்கக்கூடும். அந்தச் சூட்டில் தார் இளகித் தொங்கும், நாற்றமடிக்கும், நாளடைவில் கழன்று கூரைத் துணியின் மேல் விழும். பியூட்டைல் ரப்பர் இந்தச் சூட்டைத் தாங்கி ஒட்டி நிற்கும். எனினும், எந்தத் தணிப்புப் பொருளுக்கும் அது சிறப்பாக வேலை செய்யும் வெப்ப எல்லை ஒன்று உண்டு. மிக இறுகினாலும் மிக இளகினாலும் அதன் உள் உரசல் குறைந்துவிடும்.

கதவு ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலை முழுவதும் விளங்கும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்பே கதவில் கை வைக்க வேண்டும். ஏனெனில் இன்றைய கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலும் கூரையின் ஓரத்திலும் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் மின்கம்பிகள் பொதுவாக மஞ்சள் உறையோடு இருக்கும், அவற்றை இணைப்பிலிருந்து பிரித்த நிலையில் சாவியைத் திருப்பினால் பழுது எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். கைப்பிடிக் குழியிலும் ஓரங்களிலும் மறைந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் உள்பக்க டோர் பேட் வெளியே வரும். அதன் பின்னால் கதவின் பெரிய துளைகளை மூடி ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளை, மழைநீர் பயணியர் பக்கம் கசியாமல் தடுப்பதற்காக உற்பத்தியாளர் வைத்தது என்பது தெரியாமல் கிழித்தெறிவோர் உண்டு. அடுத்த மழையிலேயே கால்விரிப்பு நனைந்து பூஞ்சை பிடிப்பதற்கு இதுவே காரணமாகிறது.

அத்துளைகளின் வழியே கையை நுழைத்து, வெளித்தகட்டின் உட்புறத்தில் படிந்த புழுதியையும் எண்ணெய்ப் பசையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தனக்கென ஒரு பசைப்படலத்தை விட்டுச்செல்வதால் இவ்விடத்துக்கு ஆகாது. பின்னர், வெட்டிய விரிப்பைத் தகட்டின் நடுப்பகுதியில் பதித்து, அலுமினியத் தாளில் உள்ள மேடுபள்ள அச்சு மறையும் வரை உருளைக் கருவியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அச்சு மறையாத இடத்தில் அடியில் காற்றுக் குமிழி நிற்கிறது என்று பொருள். ரப்பர் தகட்டைத் தொடாத அந்த இடத்தில் தணிப்பும் நிகழாது. தாளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருப்பதால் கையுறை இல்லாமல் இவ்வேலை கூடாது.

தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை என்பது இத்துறையின் பயனுள்ள உண்மைகளுள் ஒன்று. தகடு மிகுதியாக அதிர்வது விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் இடைப்பட்ட தட்டையான நடுப்பரப்பில்தான் என்பதால், அங்கே பரப்பில் 25 முதல் 50 சதவீதம் வரை ஒட்டினாலே பெரும்பயன் கிட்டிவிடும். ஒரு சதுர மீட்டர் விரிப்பு ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ளது. நான்கு கதவு, தரை, டிக்கி, கூரை என எங்கும் இடைவெளியின்றி ஒட்டினால் ஓர் ஆளின் எடைக்குப் பாதியளவு சுமை நிரந்தரமாக வண்டியோடு ஓடும், அதற்குரிய எரிபொருளும் செலவாகும். முழுதாக ஒட்டித் தருவதாகச் சொல்லும் கடைக்கு அதில் வருவாய் உண்டு, வண்டிக்கு ஆதாயம் சிறிது. கதவின் அடிவிளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகளையும், கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தையும், பக்கவாட்டு மோதலை உணரும் கருவிகளையும் எந்த நிலையிலும் மறைக்கக் கூடாது. வடிதுளை அடைபட்ட கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

காற்று வழி ஓசைக்கு மருந்து வேறு. கனமும் நெகிழ்ச்சியும் கொண்ட திரையே அதைத் தடுக்க வல்லது. உலோக உப்புத்தூள் கலந்து கனமாக்கப்பட்ட வினைல் விரிப்பு இதற்கென்றே உள்ளது, அதன் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் இருக்கும். திரையின் எடை இரட்டிப்பானால் தடுப்பாற்றல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பது ஒலியியலின் அடிப்படை விதி. ஆனால் அத்திரையின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால்கூட, மீதிப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்ட முடியாது. பழைய கார்களில் புதிய விரிப்பைவிடப் புதிய கதவுப் பீடிங் மலிவாகவும் மேலாகவும் பயன்படுவது இக்கணக்கின்படியே. திரைக்கும் தகட்டுக்கும் இடையே, மூடிய குமிழிகளாலான மெல்லிய ஃபோம் ஒன்றை வைப்பது, இரண்டும் நேரடியாகத் தொட்டு அதிர்வைப் பகிர்ந்துகொள்ளாமல் பிரித்து வைப்பதற்காகும். திறந்த துளைகள் கொண்ட ஃபோமும் ஃபெல்ட் எனப்படும் அழுத்திய நாரும், உள்ளே நுழைந்துவிட்ட ஓசை மீண்டும் மீண்டும் எதிரொலிப்பதைக் குறைக்க உதவும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர் என்பதால், ஒரு சென்டிமீட்டர் ஃபோம் கீச்சொலியைக் குறைக்குமே தவிர டயரின் கனத்த முழக்கத்தைத் தொடாது.

இப்பொருள்களின் பெயர்கள் தோல் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. காலணியின் உள்ளடிக்கும் மெத்தைக்கும் வெட்டப்படும் ஈ.வி.ஏ. ஷீட், பாலியூரித்தேன் ஃபோம், மேல்தோலையும் அடித்தோலையும் சேர்க்கும் ரப்பர் 'சொல்யூஷன்', மாதிரி அட்டை வைத்து ஷீட்டைச் சேதமின்றி வெட்டும் கைத்திறன் ஆகியவை ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அன்றாடம் புழங்குபவை. இந்தப் பழக்கம் ஒரு நன்மையோடு ஒரு தீங்கையும் உடன் கொண்டுவரும். செருப்பு ஒட்டும் பசையில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். காற்றோட்டமுள்ள கூடத்தில் பயன்படுத்தவே எச்சரிக்கை தேவைப்படும் அப்பசையை மூடிய காருக்குள் தடவி ஃபோம் ஒட்டினால், தலைசுற்றலும் தீ விபத்தும் நேரக்கூடும், வெயிலில் பசை இளகி ஃபோம் உரிந்தும் வரும். காலணிக்கு உகந்த ஃபோம் காருக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வண்டியின் உட்புறப் பொருள்களில் தீ பரவும் வேகத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவின் 302ஆம் எண் பாதுகாப்பு விதி அதை நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர் என வரையறுக்கிறது, இந்தியத் தர நிர்ணயமும் இதே நோக்கத்தில் தனி விதி வகுத்துள்ளது. எஞ்சினுக்கு அருகில் எண்ணெய் ஊறிய சாதாரண ஃபோம் இருப்பது இவ்விதிகளின் நோக்கத்துக்கே எதிரானது. எஞ்சின் ஓட்டுநர் பக்கத்திலேயே மூடிக்குள் இருக்கும் பழைய பாணிப் பேருந்துகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

தோலின் நிலை இதில் சற்று முரணானது. மேற்பூச்சு இடப்பட்ட மழமழப்பான தோல் உறை ஒலியைத் திருப்பி அனுப்பும், துணி உறையோ அதை உள்ளே விடும் என்பதால், இவ்வட்டாரத்தின் சிறந்த விளைபொருளைப் போர்த்திய இருக்கைகள் காரின் உட்புறத்தைச் சிறிதளவு கூடுதலாக எதிரொலிக்கச் செய்கின்றன. நுண்துளை இட்ட தோல் இதை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் பூச்சுக்கு அடியில் உள்ள தோல் கொல்லாஜன் எனும் புரத நார்கள் பின்னிய வலை. பச்சைத் தோலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையே முடிந்த தோலாக மாற, எஞ்சிய பெரும்பகுதி சீவல், வெட்டுத் துண்டு, தூள் எனக் கழிவாகிறது. 1948இல் சென்னை அடையாறில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தோல் தொழிற்சாலையின் திடக்கழிவை ஒலி உறிஞ்சும் நார்ப்பொருளாக மாற்றுவது குறித்த ஆய்வை 2019இல் வெளியிட்டனர். இத்தகைய பொருள் கார் கதவுக்குள் செல்லுமுன் ஈரம், நாற்றம், தீ ஆகிய மூன்று சோதனைகளையும், குரோம் பதனிட்ட சீவலாயின் அதிலுள்ள குரோமியம் சூட்டில் நச்சு வடிவத்துக்கு மாறுமா என்ற நான்காவது சோதனையையும் தாண்டியாக வேண்டும்.

கார் தொழிற்சாலைகளில் இவ்வேலை வேறு முறையில் நடைபெறுகிறது. வண்ணம் பூசுமுன் தரைத் தகட்டின் மேல் விரிப்புகளை வைத்துவிட்டால், வண்ணத்தை உலர்த்தும் சூளையின் வெப்பத்திலேயே அவை இளகித் தகட்டின் மேடுபள்ளங்களோடு ஒன்றி ஒட்டிக்கொள்ளும். தற்போது பல ஆலைகளில் ரோபோக்கள் நீர்மத் தணிப்புப் பூச்சை வேண்டிய இடத்தில் மட்டும் தெளிக்கின்றன. கால்விரிப்பைத் தூக்கும்போது தென்படும் அந்தக் கெட்டியான கறுப்புத் திட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய விரிப்பு ஒட்ட முனைவது தேவையற்ற உழைப்பு. அவற்றுக்கு இடையே வெறுமையாக உள்ள தகட்டில் ஒட்டினால் போதும். இவ்வட்டாரத்திலேயே, இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் தொழிற்பேட்டையில் டாட்டா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதே தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலை ஒன்றுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஃபோமும் பசையும் நாரும் இரண்டு தொழில்களுக்கும் வேண்டியவை என்பதால், அவற்றை வெட்டியும் ஒட்டியும் பழகிய கைகள் அங்கே இரு வாசல்களிலும் வேலை தேட முடியும்.