பக்கத்து வகுப்பறை எங்கே?

போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு ஏலம் போடுகிறார்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் கிலோ என்ன விலைக்குப் போனது என்ற சேதி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி எஸ்டேட் முதலாளியின் கைபேசிக்கு அன்றைக்கே ஏறிவிடும். ஆனால் அதே சரிவில், வீட்டில் முதுவர் பேச்சு பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்கும் ஆசிரியர் யாரைக் கேட்பார்? சின்ன மலைப்பள்ளியில் பக்கத்து வகுப்பறையே இருக்காது.

கீழே இறங்கினால் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் உண்டு. சந்தேகம் கூட்டத் தேதி பார்த்தா வரும்?

ஆசிரியரிடம் ஆசிரியர் கற்பது இணையம் தந்த புதுமை அல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், கிராமத்து ஓரறைப் பள்ளிகளுக்காக அட்டைகளைக் கொண்டு கற்கும் முறை ஒன்று உருவானது. அதைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியபோது 2007-08 ஆகிவிட்டது. ஒரு நல்ல யோசனை நடந்தே வந்த காலம் அது.

இப்போது வேகத்துக்குக் குறைவில்லை. 2017 செப்டம்பர் 5இல் மத்திய அரசின் 'திக்‌ஷா' இணையக் கற்றல் தளம் வந்தது. அடுத்த ஆண்டே தமிழகத்தின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு ஏறியது. 2020இல் 'நிஷ்டா' ஆசிரியர் பயிற்சி இணையத்துக்கு மாறியது. எல்லாம் பயனுள்ளவை. ஆனால் இவற்றில் ஆசிரியர் பெரும்பாலும் பார்வையாளர்தான். முடித்ததும் சான்றிதழ் கிடைக்கும், சந்தேகம் அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பாவது கைகொடுக்குமா? ஆசிரியர் குரூப் ஒன்றைத் திறந்து பாருங்கள்: சுற்றறிக்கை, 'எமிஸ் விவரம் உடனே முடிக்கவும்', பிறந்தநாள் கேக், காலை வணக்கப் பூக்கள். அது அறிவிப்புப் பலகை. வலைப்பின்னல் என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் 2009இல் ட்விட்டரில் 'எட்சாட்' என்ற உரையாடலைத் தொடங்கினார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே ஒரு தலைப்பு. அவ்வளவுதான் விதி. நம் ஊரிலும் பத்துப் பதினைந்து பேர் போதும். ஆனால் வேறு வேறு மலைகளிலிருந்து வரவேண்டும். போடி ஆசிரியர் ஒரு நோட்டுப் பக்கத்தை, பிள்ளையின் பெயரை மறைத்துப் படமெடுத்து, 'ல, ள, ழ மூன்றையும் இவன் ஒன்றாக்குகிறானே, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கலாம். வால்பாறையிலோ கொல்லிமலையிலோ அதே சிக்கலைப் பார்த்த ஒருவர் பதில் சொல்வார். அந்தப் பதில் வகுப்பில் பலித்ததா, பிசகியதா என்று கேட்டவரே திரும்பி வந்து சொல்லவேண்டும். பல குரூப்புகள் தூங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

சிக்னல் விட்டு விட்டு வரும் சரிவில் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு படமும் அரை நிமிடக் குரல் பதிவும் தாராளமாகப் போகும். பெரிய கோப்பு ஏதும் இருந்தால், மலைக்கு ஜீப் கிளம்புமுன் போடியிலேயே இறக்கிக்கொள்ளலாம்.