கையைக் கடிக்கும் காலத்தில் காலநிலைக் கொள்கை

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. தள்ளாடிய வங்கிகளைக் காப்பாற்ற பிரிட்டன் அரசு மக்கள் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த அந்த அக்டோபரில்தான், காலநிலை மாற்றச் சட்டம் அந்நாட்டின் கீழவையில் 463 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிராக விழுந்தவை மூன்றே வாக்குகள். வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடும்போது எந்தக் கட்சியும் சுற்றுச்சூழலைத் திரும்பிப் பார்க்காது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக அந்த அரசியல்வாதிகளின் மனஉறுதியை மெச்சிவிடவும் வேண்டாம்; ஐந்தே ஆண்டுகளில் அது ஆட்டம் கண்டது. 2013இல் மின்கட்டணம் ஏறியபோது, வீட்டுச் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் வெப்பக்காப்பு பொருத்தும் திட்டத்தை டேவிட் கேமரூன் அரசு வெட்டியது. பணிகள் சடசடவெனச் சரிந்தன. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது, காப்பில்லாத வீடுகளில் குடியிருந்தவர்கள் அந்தச் சிக்கனத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்டினார்கள்.

ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் எந்த அரசும் கைவைக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு. அதைப் பல ஆண்டுகள் முன்கூட்டியே நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு சுயேச்சையான குழு அரசின் குறைகளை அவையில் வைக்கும், அரசு பதில் சொல்லியாக வேண்டும். ஒரு திட்டத்தின் நிதியை ஓசைப்படாமல் குறைத்துவிடலாம். இலக்கைக் கைவிட வேண்டுமென்றால் அவையேறி, காரணம் சொல்லி, பழியையும் ஏற்க வேண்டும். கரிம விலையும் இந்தச் சட்டத்தோடு சேர்ந்துகொள்ள, 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையை இப்படிக் கட்டிப்போடலாமா என்ற ஆட்சேபம் உண்டு. கட்டு அவிழ்க்க முடியாததல்ல. ஆட்சிக்கு வந்தால் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக் 2025 அக்டோபரில் அறிவித்தார். வெளிப்படையாகச் சொல்லி வாக்குக் கேட்கிறார். ஜனநாயகத்தில் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

இதைவிடக் கனமான ஆட்சேபம், சுமை ஏழைகள் தலையில் விழுகிறது என்பது. பிரான்ஸில் அது உண்மையாகவே நடந்தது. பெரும்பணக்காரர்களின் சொத்துவரியை ரத்து செய்த அதே 2018இல் மக்ரோன் அரசு டீசல் வரியை மேலும் ஏற்ற முனைந்தது. பஸ்ஸோ ரயிலோ இல்லாத சிற்றூர்க்காரர்கள் மஞ்சள் சட்டையோடு சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள், உயர்வு கைவிடப்பட்டது. அப்படியானால் வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா? கனடா கொடுத்தது. கரிம வரியில் பெரும்பகுதி குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே போனது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் வரி உறுத்தியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பணமோ எதற்கென்றே பலருக்குத் தெரியவில்லை. விலைவாசி ஏறிய காலத்தில் எதிர்க்கட்சிக்கு அதுவே முழக்கமானது. 2025இல் பிரதமரான மார்க் கார்னி முதல் வேலையாக நுகர்வோர் மீதான அந்த வரியைப் பூஜ்யமாக்கினார். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, வீட்டில் அது தெரியவும் வேண்டும். வெப்பக்காப்பை வெட்டியது இரட்டைத் தவறு என்று நான் கருதுவது இதனால்தான்: குளிர்காலம் வந்தால் குறைந்த பில்லைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பர் பட்ஜெட்டில், பசுமை மின்சாரத்துக்காக மின்கட்டணத்தில் ஏற்றியிருந்த பழைய செலவின் பெரும்பகுதியை மூன்றாண்டுகளுக்கு அரசு கஜானாவுக்கு மாற்றினார். நல்ல முடிவு. கேமரூன் வெட்டிய வெப்பக்காப்புத் திட்டத்தை அடியோடு முடித்துவைத்ததும் அதே பட்ஜெட்தான்.